எலும்புதான் சேரணும்

அம்மாவின் இடுப்பில் நான்கு டைட்டானியம் ஸ்க்ரூக்கள். எல்-4, எல்-5 எலும்புகளில் பக்கத்துக்கு இரண்டு. "ஸ்க்ரூ போட்டாச்சே, இனிமே என்ன?" என்கிறார்கள் தெற்கு மாட வீதியில் எதிர்ப்படும் மாமிகள்.

ஸ்க்ரூ எதையும் ஒட்டாது. அசையாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இடையில் வைத்த எலும்புத்தூள் வளர்ந்து சேர மாதக்கணக்காகும். சேராவிட்டால் நாளடைவில் ஸ்க்ரூ தளரும், சில சமயம் முறியும். சேர்ந்தாலும் அசைவு நின்ற மூட்டின் சுமை பக்கத்து மூட்டில் விழும்.

அம்மாவுக்குச் சேர்ந்துவிட்டது. கால் குடைச்சல் போயிற்று. முதுகுவலி பாதி மிச்சம். இப்போது எல்-3க்குக் கீழே தேய்மானம். "இன்னும் ரெண்டு ஸ்க்ரூ போடலாமா?" என்றார் டாக்டர்.

"கால் மரத்துப்போச்சுன்னா வரேன். வெறும் முதுகுவலின்னா நானே பாத்துக்கறேன்" என்றாள் அம்மா.

டாக்டர் தலையாட்டினார்.