எடையுள்ள பெட்டிக்காக ஒரு காத்திருப்பு

ஆண்டு மலரில் போய் வீடியோ கேம் பற்றியா என்று முகம் சுளிக்காதீர்கள். இதுவும் நம்ம மெக்கானிக்ஸ் பாடம்தான்.

1998-ல் வால்வ் கம்பெனி வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் நாயகன் கார்டன் ஃப்ரீமேன், எம்.ஐ.டி.யில் இயற்பியல் டாக்டர் பட்டம் வாங்கியவர். கையில் கிடைத்த ஆயுதமோ கடப்பாரை! அதில் பெட்டிகளைத் தள்ளலாம், உடைக்கலாம். தூக்கவோ சாய்க்கவோ முடியாது. பெட்டி மாதிரி ஒரு படம், அவ்வளவே.

இரண்டாம் பாகத்தை 2003 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இ3 கண்காட்சியில் காட்டினார்கள். நான் அப்போது டிப்ளமோ மாணவன். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இனாமாக வந்த சி.டி.யில் அதை வகுப்புத் தோழன் வீட்டில் பார்த்தேன். பொருள்கள் ஒவ்வொன்றும் தன் எடைக்கேற்ப விழுந்தன, உருண்டன, மிதந்தன. நான் வாயைப் பிளந்தேன். தோழன் மசியவில்லை.

"எல்லாம் செட்டப்புடா! சினிமா மாதிரி முன்னாடியே எடுத்து வச்சு ஓட்டறான்."

இல்லை, கணக்குப் போட்டுத்தான் விழுகிறது என்றேன் நான். பந்தயம் நாலு பரோட்டா.

என் நம்பிக்கைக்குக் காரணம், உள்ளே இருந்தது அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்த 'ஹாவோக்' என்ற இயற்பியல் மென்பொருள். பழைய விளையாட்டுகளில் டிரம் எப்படி விழ வேண்டும் என்று படம் வரைபவர் முடிவு செய்வார்; நூறு தடவை தள்ளினாலும் அதே விழுகைதான். இதில் யாரும் முடிவு செய்வதில்லை. பொருளுக்கு நிறை, புவியீர்ப்பு மையம், உராய்வுக் கெழு எல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். நொடிக்குப் பல பத்து முறை விசையைக் கூட்டி, முடுக்கம், வேகம், இடம் என்று கணினியே கணக்கிடுகிறது. லேப்பில் சாய்தளத்தில் கட்டையை வைத்து நாம் மல்லுக்கட்டுகிறோமே, அதே உராய்வுக் கெழு!

2003 செப்டம்பர் 30-ல் வெளியீடு என்றார்கள். வரவில்லை. அக்டோபரில் அதன் மூல நிரலே திருடுபோய் இண்டர்நெட்டில் உலா வந்தது. "இல்லாத சரக்கை எப்படிடா விப்பான்?" என்று தோழன் கேலி செய்தான். ஒருவழியாக 2004 நவம்பர் 16-ல் வந்தது. குறைந்தது 256 எம்.பி. நினைவகம் வேண்டுமாம், தோழனின் கம்ப்யூட்டரில் இருந்ததோ 128. போதாததற்கு, வாங்கிய சி.டி.யை இண்டர்நெட்டில் பதிவு செய்தால்தான் திறக்கும். அவன் வீட்டு டெலிபோன் லைனில் ஒரு மெயில் பார்ப்பதே பெரும்பாடு!

படித்து முடித்து, சொந்தச் சம்பளத்தில் செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கி, 2006-ல்தான் விளையாடினேன். ஆரம்பத்திலேயே ஒரு சீசா பலகை வருகிறது. ஒரு முனையில் சிமெண்ட் கற்களை அடுக்கினால் மறுமுனை எழும். அதில் ஏறி மேலே போக வேண்டும். வேண்டுமென்றே கற்களை நடுத்தாங்கியின் அருகே வைத்தேன். நான் ஏறியதும் பலகை கவிழ்ந்தது. அதே கற்களை ஓரத்துக்கு நகர்த்தினேன். தாங்கியது! விசை பெருக்கல் தூரம். ராத்திரி ஒரு மணி வரை ஒரு எதிரியையும் சுடாமல் கல்லையே நகர்த்திக்கொண்டிருந்தேன்.

பேர்போன ஈர்ப்புத் துப்பாக்கி அதன் பிறகுதான் கைக்கு வந்தது. மரம் அறுக்கும் வட்ட ரம்பத்தைக்கூட இழுத்துப் பிடித்து எறியலாம். எனக்கென்னவோ சீசாதான் உசத்தி. குறையும் உண்டு: பொருளைக் கையால் தூக்கினால் அது அந்தரத்தில் மிதந்து வருகிறது, கையைக் காணோம்!

மறுநாள் தோழனுக்குப் போன் போட்டேன்.

"கல்லை நடுவுல வச்சியா, ஓரத்துல வச்சியா?"

"ரெண்டும் வச்சுப் பார்த்துட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி, ஊருக்கு வா. பரோட்டா நாலுதான். ஆம்லெட் உன் காசு."