வெங்காயத்தின் தியாகம்

பி.காம். படித்தவனுக்கு அடுப்பங்கரையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேலை தானாக வந்து சேர்ந்தது.

மனைவிக்கு மூன்றாவது மாசம். தாளிக்கிற வாசனை பட்டாலே வாஷ்பேசினுக்கு ஓட்டம். கடுகு வெடித்தால் அவளும் வெடிப்பாள். மூன்று நாளாக மோரும் பிஸ்கெட்டும்தான். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, "ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கே, எதையாவது சாப்பிட வைங்க சார்" என்றார், ஏதோ நான்தான் பட்டினி போட்ட மாதிரி. உள்ளூர எனக்கும் உதறல்.

தாளிக்காத, வதக்காத சமையல் உலகத்தில் உண்டா? உண்டு. இத்தாலியில்!

மார்செல்லா ஹஸான் என்கிற அம்மாள் 1992-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு தக்காளி ஸாஸ் இருக்கிறது. மொத்தமே நாலு அயிட்டம். தக்காளி, வெண்ணெய், வெங்காயம், உப்பு. பூண்டுகூடக் கிடையாது. நாலே என்ட்ரி, டாலி ஆகாமலா போகும் என்று இறங்கிவிட்டேன்.

தக்காளி 900 கிராம். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்தால் தோல் தானே கழன்று வரும். நறுக்கிப் பாத்திரத்தில் போட்டு, 5 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், இரண்டாகப் பிளந்த ஒரு வெங்காயம், உப்பு. மூடாமல், சின்னத் தீயில் 45 நிமிஷம். அவ்வப்போது கிளறி, மசித்துவிட வேண்டும். வெண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் ஸாஸ் ரெடி.

நடுவில் ஊரிலிருந்து அம்மா போன். "டேய், ரெண்டு கறிவேப்பிலையாவது கிள்ளிப் போடுடா!" கை பரபரத்தது. மிளகாய்ப்பொடி டப்பா வரைக்கும் போய்த் திரும்பினேன்.

பாஸ்தாவுக்கு இத்தாலிக்காரர்கள் கணக்கு: 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. குழையவிடக் கூடாது, நடுவில் லேசாகக் கடிபட வேண்டும். வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி ஸாஸில் விட்டுப் பிரட்டினால் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

தட்டை முகர்ந்து பார்த்தாள். "என்னங்க, வாசனையே தூக்கலை?"

அது புகார் இல்லை சார், பாராட்டு!

ஒரு வாய். இரண்டு வாய். நான் வாஷ்பேசினையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் ஆச்சு. அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் உரித்ததால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடைசியில் வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாள் போட்ட விதி. முக்கால் மணி நேரம் வெந்து, தன் இனிப்பையெல்லாம் கொடுத்துவிட்டு, ஓரமாகக் கிண்ணத்தில் கிடந்தது. பார்க்க எனக்கு என்னவோ சொந்தக்காரன் மாதிரி இருந்தது.

ராத்திரி மோர்சாதத்துக்கு அதையே தொட்டுக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, தேவாமிர்தம்!