அன்னமும் அளவும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்தில் அமர்ந்திருக்கையில், கூட்டேரிப்பட்டு நெருங்கியதும் என் கை என்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். அங்கே ஒரு சிறு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். நீரிழிவு உள்ளவன் சட்டைப் பையில் குளுக்கோஸைச் சுமந்து திரிவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அதற்கொரு காரணம் உண்டு. அதைச் சொன்னால் என் அறியாமை வெளிப்படும். ஆயினும், என்னைப் போன்ற ஒருவருக்கேனும் பயன்படுமெனில் சொல்லிவிடுவதே முறை.

ஆசிரியப் பணியில் இருந்தபோதே எனக்கு நீரிழிவு கண்டது. காப்பியில் சர்க்கரையை விட்டேன். கல்யாண வீட்டில் இனிப்பை ஒதுக்கினேன். காலையிலும் இரவிலும் மாத்திரை உண்டேன். இவ்வளவு செய்தும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை 9-க்குக் கீழே இறங்க மறுத்தது. நண்பகலில் இலை நிறையச் சோற்றைக் குழம்புக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை எனக் குவித்து உண்பதை நான் ஒரு குற்றமாகவே எண்ணவில்லை. சோறு இனிக்கவில்லையே!

திண்டிவனத்தில் வாழும் என் அக்காவுக்கும் இதே நோய்தான். 2022-இல் அவருடைய வலக் காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல் அழுகி, இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆயிற்று. கட்டுப் போட்ட அந்தக் காலைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள், உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர், “அரிசியை அடியோடு விட்டுவிடு, நோய் ஓடிப் போகும்” என்றார். அன்றே விட்டேன். சோறு, இட்டலி, தோசை எல்லாம் ஒரே நாளில் நின்றன. முட்டை, மீன், கீரை, மோர் இவையே உணவாயின. இரண்டே வாரங்களில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 190-இலிருந்து 120-க்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மருத்துவரிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை. மாத்திரைகளைப் பழையபடியே விழுங்கி வந்தேன்.

இடையில் அக்காவைப் பார்க்கச் சென்றபோது அவர் பரிமாறிய சோற்றைக் கைநீட்டித் தடுத்தேன். கரண்டியைப் பிடித்தபடியே அவர் கேட்டார்: “ஏண்டா தம்பி, சோத்துமேல கோவமா, எம்மேல கோவமா?”

அக்கேள்வியின் ஆழம் எங்கள் வீட்டுப் பழங்கதையை அறிந்தவர்களுக்கே விளங்கும். 1960-களில் எங்கள் வீட்டில் அரிசிச் சோறு என்பது பொங்கலுக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் உரியது. மற்ற நாள்களில் கேழ்வரகுக் களி அல்லது கம்பங்கூழ். 1967 தேர்தலின்போது ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி நாடெங்கும் ஒலித்தது என்றால், அன்றைய வயிறுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்நாளில் தன் பங்குச் சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளிவிட்டு, “எனக்குப் பசிக்கல” என்று பொய் சொன்னவர் அக்கா. அப்படிச் சோறிட்டவரின் கரண்டியைத்தான் நான் தடுத்தேன். இன்றோ, 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. ஏங்கிப் பெற்ற அரிசி வீட்டுக்குள் வந்து நிறைந்த காலத்தில், அதைக் குறைத்துக்கொள் என்றால் எங்கள் தலைமுறையின் நெஞ்சு எளிதில் ஒப்புமா?

அதற்கு அடுத்த சனிக்கிழமை அக்காவைச் சமாதானப்படுத்த மீண்டும் புறப்பட்டேன். காலையில் இரண்டு முட்டை, ஒரு குவளை மோர், வழக்கமான மாத்திரைகள். பேருந்து விக்கிரவாண்டியைத் தாண்டியதும் உடல் வியர்த்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு கைகள் நடுங்கின; நெஞ்சு படபடத்தது; சாலையோரப் பலகைகளில் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்தன. நடத்துநர் ஏதோ கேட்டார். பதில் நினைவில் இருந்தது, நாவு எழவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மையார் என் முகத்தை உற்றுப் பார்த்து, “ஐயா, சக்கர மாத்திர போடுறீங்களா?” என்று கேட்டார். தலையை மட்டும் அசைத்தேன். அவருடைய கணவருக்கும் இப்படி நேர்ந்ததுண்டாம். கூட்டேரிப்பட்டில் பேருந்தை நிறுத்தச் செய்து, தேநீர்க் கடையில் நான்கு கரண்டி சர்க்கரை போட்டு ஆற்றிய தேநீரைத் தாமே என் வாயருகே பிடித்தார். கால் மணி நேரத்தில் உலகம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆண்டுக்கணக்கில் நான் அஞ்சி ஒதுக்கிய சர்க்கரையே அன்று என்னைக் காப்பாற்றியது.

மறுவாரம் விழுப்புரத்தில் என் மருத்துவரிடம் அனைத்தையும் ஒப்புக்கொண்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “சோற்றைக் குறைத்தது சரி, என்னிடம் சொல்லாமல் குறைத்தது தவறு. உணவும் மருந்தும் ஒரே வண்டியில் பூட்டிய இரு மாடுகள். ஒன்றை மட்டும் அவிழ்த்துவிட்டால் வண்டி எங்கே போகும்?” என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகச் சிதைந்து இரத்தத்தில் கலக்கிறது. அதை உடலின் அணுக்களுக்குள் செலுத்துவது கணையம் சுரக்கும் இன்சுலின். நான் உண்டுவந்த இரு மாத்திரைகளுள் மெட்ஃபார்மின் தனித்து நின்றால் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்துவது அரிது. மற்றொன்றான கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. வயிற்றுக்குச் சோறு வந்ததா, இல்லையா என்று அது பார்த்துக்கொண்டிராது. இன்சுலின் ஊசி போடுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். புதிய மாத்திரைகள் சிலவற்றை உண்பவர் மாவுச்சத்தை அறவே நீக்கினால் இரத்தத்தில் அமிலம் மிகும் ஆபத்தும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவர் முட்டையையும் பருப்பையும் தாமாகப் பெருக்கிக்கொள்ளலாகாது.

உணவைக் குறைத்து இந்நோயை அடக்குவது புதிய எண்ணமன்று. 1922 சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும்வரை, பட்டினிக்கு அருகில் நிற்கும் உணவுக் கட்டுப்பாடு ஒன்றே நோயாளிகளின் நாள்களைச் சற்று நீட்டித்தது. நாமோ மருந்து கிடைத்த தைரியத்தில் உணவை மறந்துவிட்டோம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. நமக்கு அடுத்த வீடு போன்ற புதுச்சேரியில், வயது வந்தோரில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவையும் அது தாண்டியிருந்தது.

எவ்வளவு குறைப்பது? சென்னை மருத்துவர்கள் அஞ்சனா, மோகன் ஆகியோர் 18,090 பேரின் உணவுப் பழக்கத்தைக் கணக்கிட்டு 2022-இல் ஒரு வழி காட்டினர். நாம் உண்ணும் ஆற்றலில் 60 முதல் 75 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. நோய் புதிதாகக் கண்டவர்கள் அதை 49 முதல் 54 விழுக்காட்டுக்கு இறக்கி, புரதத்தை 20 விழுக்காட்டையொட்டி உயர்த்தினால் நோய் தணிய வாய்ப்புண்டு என்பது அவர்கள் கணிப்பு. அதாவது, பாதியளவு மாவுச்சத்து. என் நண்பர் சொன்ன ‘அடியோடு’ அதில் இல்லை.

அக்காவுக்கு இந்த எண்களைச் சொல்லிப் பயனில்லை. அவருடைய முதல் யோசனை, பழைய கேழ்வரகுக்கே திரும்பிவிடலாம் என்பது. எளிய தீர்வாகத்தான் தோன்றும். ஆனால் தீட்டிய அரிசி நூறு கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம் என்றால், கேழ்வரகில் அது 70-ஐ ஒட்டியே நிற்கிறது. நார்ச்சத்து கூடுதல் என்பது மெய்யே. எனினும் கூழாகக் கரைத்து இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறவே செய்யும். தானியத்தை மாற்றினால் மட்டும் போதாது. அளவையும் மாற்ற வேண்டும் என்று சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு பரண்மேலிருந்து அம்மாவின் பித்தளை ஆழாக்கை இறக்கிப் புளிபோட்டுத் துலக்கினார். எட்டு ஆழாக்கு ஒரு படி. வறுமையில் எல்லாருக்கும் எட்டும்படி அம்மா அரிசி அளந்த ஆழாக்கு அது. ஓர் ஆழாக்கு அரிசி ஏறத்தாழ 140 கிராம் நிற்கும். முன்பு நான் ஒரு வேளைக்கே ஒன்றரை ஆழாக்கு அரிசிச் சோற்றை உண்டேன் என்பதை அன்றுதான் அறிந்தேன். இப்போது எங்கள் இருவருக்கும் நண்பகலுக்குத் தலைக்கு அரை ஆழாக்கு. அதைச் சுற்றி அவரைக்காய், கோவைக்காய், முருங்கைக் கீரை, மரக்காணத்திலிருந்து வரும் மீன். முதலில் காயும் மீனும், கடைசியில் சோறு. அப்படி உண்டால் சர்க்கரை மெல்ல ஏறுகிறது. மாலையில் ஒரு கைப்பிடி வேகவைத்த வேர்க்கடலை. திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையம் ஊர்ப்பெயரின் சுருக்கத்தையே சூட்டி ‘டி.எம்.வி.’ என்று கடலை இரகங்களை உலகுக்குத் தந்திருக்கிறது. அக்கடலையில் கால் பங்கு புரதம், மாவுச்சத்தோ குறைவு. எண்ணெய் மிகுதியாதலால் கைப்பிடியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மருத்துவர் கிளிமிபிரைடை முதலில் பாதியாக்கி, சில மாதங்களில் நிறுத்தினார். மெட்ஃபார்மின் தொடர்கிறது. என் மூன்று மாதச் சராசரி 6.8-க்கு வந்திருக்கிறது. அக்காவுக்கு 7.4. நோய் போய்விடவில்லை, ஆனால் அவருடைய எஞ்சிய எட்டு விரல்களும் நலமாக இருக்கின்றன.

சென்ற ஆண்டு பேத்தியின் புதுநன்மை விருந்து. பந்தியில் எல்லாருக்கும் பிரியாணியை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டு வந்த அக்கா, என் இலையருகே வந்ததும் கரண்டியை ஒருமுறை பார்த்தார். பாதியைத் திரும்ப அண்டாவில் தட்டிவிட்டு, மீதியை என் இலையில் வைத்தார். கண்கள் கலங்கியிருந்தன.

“அள்ளிப் போடறது சுளுவுடா தம்பி. கொறச்சிப் போடத்தான் மனசு வேணும்” என்றார்.

நான் இலையை வழித்து உண்டேன். பசிக்கவில்லை என்று இம்முறை எங்களில் யாரும் பொய் சொல்லவில்லை.