பட்டாளத்து டின்

எங்கள் பள்ளியின் பெற்றோர் சிலர் என்னைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. தலைமையாசிரியர் சனிக்கிழமைதோறும் பழைய இரும்புக் கடைகளில் நுழைந்து, துருவேறிய டின்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே அது. செய்தி உண்மைதான். அஞ்சல் தலை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் மதிக்கின்ற உலகம், இராணுவத்தாரின் பழைய பெட்ரோல் கலன்களைச் சேர்ப்பவனைச் சற்று ஐயத்தோடுதான் நோக்குகிறது. இன்று என் வீட்டுப் பின்கட்டில் 23 கலன்கள் இருக்கின்றன. என் துணைவியார் கணக்கில் அவை 23 தொல்லைகள்.

ஜெர்ரிகேன் என்று ஆங்கிலேயர் அதற்குப் பெயரிட்டனர். ஜெர்மானியரை ‘ஜெர்ரி’ என்று ஏளனமாக அழைத்த அப்போர் வீரர்கள், ஜெர்மானியரின் கலனுக்கும் அப்பெயரையே சூட்டிவிட்டார்கள். தோட்டத்தில் நாங்கள் அறிந்த பெயரோ ‘பட்டாளத்து டின்’ என்பதுதான். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே: 20 லிட்டர் கொள்ளும் இரும்புக் கலன், பக்கங்களில் பெருக்கற்குறி போன்று அழுத்தப்பட்ட பள்ளங்கள், தலையில் மூன்று கைப்பிடிகள்.

அம்மூன்று கைப்பிடிகளைப் பற்றி நான் வகுப்பறையில் பல முறை பேசியிருக்கிறேன். நிறைந்த கலனை ஒருவர் தூக்குவதானால் நடுப்பிடி. இருவர் சேர்ந்து தூக்குவதானால் ஓரப் பிடிகள். வெறுங்கலன்களாயின் ஒரே கையில் இரண்டைச் சேர்த்துப் பற்றிக்கொண்டு நடக்கலாம். பிடிகளின் அடியிலுள்ள மேடான பகுதியில் காற்று தங்குவதால், பெட்ரோல் நிறைந்த நிலையிலும் கலன் நீரில் மிதக்கும். கழுத்தினுள்ளே ஒரு சிறு காற்றுக் குழாய் உண்டு. ஊற்றும்போது ‘குளுக் குளுக்’ என்று விக்காமல் எண்ணெய் சீராக வழிகின்றது. மூடி தனியே கழன்று தொலைந்து போவதில்லை. நெம்புகோல் போல் ஒரே அழுத்தில் இறுகிக்கொள்ளும். பக்கத்துப் பள்ளங்களும் அழகுக்காக அமைந்தவை அல்ல. வெயிலில் பெட்ரோல் விரியும்போது தகடு சற்றே புடைத்து இடங்கொடுக்கவும், வளையாமல் உறுதி பெறவும் அவை உதவுகின்றன. 1930களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் உருவான அமைப்பு இது. அக்கலனை வடித்தவர் உள்ளத்தில், அதனைச் சுமக்கப் போகின்றவனின் கையும் தோளும் இருந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு.

வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஆங்கிலேயர் தொடக்கத்தில் பயன்படுத்தியவை நான்கு காலன் கொள்ளும் மெல்லிய தகர டின்கள். லாரியின் குலுக்கலில் அவற்றின் மூட்டுகள் பிளந்து, ஏற்றிய பெட்ரோலில் 30 விழுக்காடு வரை வழியிலேயே ஒழுகிப்போனதுண்டு. படைவீரர்கள் அந்த டின்னைப் பாதியாக வெட்டி, மணலைக் கொட்டிப் பெட்ரோலை ஊற்றி எரித்துத் தேநீர் காய்ச்சினார்கள். அதற்கு ‘பெங்காசி அடுப்பு’ என்று பெயர். பிஸ்கட் டின்னையும் மண்ணெண்ணெய் டின்னையும் வெட்டி வாளியாகவும் உலைப்பானையாகவும் ஆக்கிக்கொண்ட நம் தோட்டத்து மக்களுக்கு இச்செயல் வியப்பளிக்காது. எதிரியிடம் கைப்பற்றிய கலன்களை ஆங்கில வீரர்கள் பொன்னே போல் போற்றியதும், பின்னர் ஆங்கில அரசே அதனை அப்படியே பார்த்துச் செய்யத் தொடங்கியதும் இயல்பேயாம்.

அமெரிக்கருக்கோ அக்கலன் போருக்கு முன்பே கிட்டியது. 1939இல் பெர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரில் பயணம் செய்த பால் பிளைஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், உடன் வந்த ஜெர்மானிய நண்பர் கொணர்ந்த மூன்று கலன்களின் வழியாக அதன் சிறப்பை உணர்ந்தார். தம் நாட்டு இராணுவத்தாருக்கும் எடுத்துரைத்தார். அவர்கள் உடனே செவிசாய்க்கவில்லை. பின்னர்ச் செய்தபோதும், நடுவில் உருக்கி இணைத்த மூட்டை விடுத்து மடிப்பு மூட்டு வைத்தார்கள். நெம்பு மூடியை விடுத்துத் திருகு மூடி வைத்தார்கள். பார்த்து எழுதுகிற மாணவன் இடையில் தன் கருத்தையும் நுழைத்து விடையைக் கெடுத்துக்கொள்வதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின்போது ஆங்கிலப் படைகளோடு இக்கலன்களும் காடு மேடெங்கும் அலைந்தன. கழித்துக் கட்டப்பட்டவை தோட்டங்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் வந்து சேர்ந்தன. எங்கள் லயத்து வீட்டுக்கும் ஒன்று வந்தது. என் தந்தையார் அதில் மண்ணெண்ணெய் வைத்திருந்தார்.

மாதம் இரு முறை தோட்டத்து லாரி பட்டணத்திற்குப் போகும். லயத்தார் அனைவரும் தத்தம் டின்களைக் கொடுத்தனுப்பி, மண்ணெண்ணெய் நிரப்பிப் பெறுவர். எவருடையது எது என்று அறிய ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம் இருக்கும். எங்களுடையதில் முதலில் வெறும் வெள்ளைப் புள்ளிதான் இருந்தது. தந்தையார் பள்ளி சென்றவர் அல்லர். சம்பள நாளன்று கிராணியார் முன் கட்டைவிரலை நீட்டியவர். 1975இல் நான் முதலாம் வகுப்பில் சேர்ந்து, மாலை வேளைகளில் விளக்கடியில் எழுத்துகளை எழுதிப் பழகியபோது, அவர் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் தம் பெயரின் முதலெழுத்தைக் காட்டச் சொன்னார். ‘மு’ என்று எழுதிக் காட்டினேன். சில நாள் அதனைத் தரையில் விரலால் எழுதிப் பழகினார். அடுத்த முறை லாரி புறப்படுமுன், புகைக்கொட்டகையில் கித்தாப் பொதிகளுக்கு முத்திரையிடும் கறுப்புச் சாயத்தைச் சிறிது வாங்கி வந்து, டின்னின் பக்கத்தில் உள்ளங்கை அகலத்திற்கு அவ்வெழுத்தை எழுதினார். கீழ்ச்சுழி தேவைக்கு மேல் நீண்டு, பள்ளத்தில் இறங்கி ஏறிக் கோணலாக முடிந்தது.

தந்தையார் 2009இல் காலமானார். ஈராண்டு கழித்து அந்த டின்னை நான் எடுத்து வந்தேன். நான் புதுப்பித்த முதற்கலன் அதுதான். முறைப்படியே செய்தேன். பெட்ரோல் ஆவியோ எண்ணெய் ஆவியோ தங்கிய கலனருகே தீப்பொறி ஆகாது. ஆகவே வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுப் பல முறை கழுவினேன். உட்புறத் துரு உதிர ஒரு பிடி திருகாணிகளையும் சிறு சங்கிலித் துண்டையும் போட்டுக் குலுக்கினேன். காடி ஊற்றி இரண்டு நாள் ஊற வைத்தேன். பின்பு சோடா உப்பு நீரால் அலசி வெயிலில் உலர்த்தினேன். வெளிப்புறத்தைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்தேன். பல அடுக்குச் சாயங்களுக்கு அடியிலிருந்து, தகட்டில் அச்சழுத்திய ஆங்கில இராணுவத்தின் அகன்ற அம்புக்குறியும் 1944 என்னும் ஆண்டும் வெளிப்பட்டன. அப்போது நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. செந்நிற அடிப்பூச்சும் அதன்மேல் இராணுவப் பச்சையும் பூசி, தீபாவளிக்கு முதல்நாள் அம்மாவின் முன் கொண்டுபோய் வைத்தேன்.

“பாருங்கம்மா, 1944. உங்களைவிட ரெண்டு வயசு சின்னது” என்றேன்.

அம்மா டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா இருக்கு” என்றார். பிறகு, “அப்பா போட்ட எழுத்தைக் காணோமே, தம்பி?” என்றார்.

தேய்க்கும்போது அவ்வெழுத்தைப் பாராமல் இல்லை. பார்த்தேன், பழைய சாயம் என்று எண்ணிக்கொண்டேன். தந்தையார் தம் வாழ்நாளில் எழுதி எஞ்சி நின்றது அது ஒன்றே என்பது, அம்மா கேட்கும்வரை எனக்குத் தோன்றவில்லை. பழைய தேர்வுத் தாள்களைக்கூடக் கட்டிவைத்துப் பாதுகாக்கும் பழக்கமுடையவன் நான்!

என் முகத்தைக் கண்டு அம்மாவே ஆறுதல் சொன்னார்: “நீதான் வாத்தியாராச்சே, நீயே எழுதிப் போட்டுடேன்.” முயன்று பார்த்தேன். தாளில் இருபது முறையாவது எழுதியிருப்பேன். கரும்பலகையில் பல்லாண்டு பழகிய கை. எழுத்து ஒவ்வொரு முறையும் பாடநூலில் உள்ளதுபோல் ஒழுங்காகவே வந்தது. வேண்டுமென்றே கோணலாக எழுதியபோது அது குழந்தை எழுத்தாயிற்றேயன்றி, அவருடைய எழுத்தாகவில்லை. டின்னில் எதனையும் எழுதாமலே விட்டுவிட்டேன். அது அம்மாவின் அறையில், தையல் இயந்திரத்தின் அருகே இருக்கின்றது.

அதன் பின்னர் என் முறை மாறிவிட்டது. கலன்களைக் கழுவுகிறேன், உட்புறத் துருவை நீக்குகிறேன், வெளிப்புறத்தில் மெல்லிய எண்ணெய்த் துணியோடு நிறுத்திக்கொள்கிறேன். இத்துறையில் ஈடுபாடு கொண்ட நண்பர் ஒருவர், “இது புதுப்பித்தலே ஆகாது, அழுக்கைக் காப்பாற்றுவது” என்று கண்டிக்கிறார். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றமே உண்மைத் தோற்றம் என்பது அவர் கொள்கை. அவருடைய கலன்கள் கண்ணாடி போல் மின்னுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. என்னுடையவற்றில் ஒன்றில் சீன எழுத்துகள் இரண்டு உள்ளன. மற்றொன்றில் படகுக்காரர் இட்ட சிவப்புப் பட்டை. வேறொன்றில் வெள்ளைச் சாயத்தில் 7 என்னும் எண்.

சென்ற மாதம் கிடைத்தது அமெரிக்கக் கலன். அடிப்பகுதியில் 1943 என்று ஆண்டு பொறித்திருக்கின்றது. பக்கத்தில் ஆணியால் கீறிய மலாய்ப் பெயர் ஒன்றின் பாதி தெரிகின்றது. மறுபாதியைத் துரு தின்றுவிட்டது. கழுவி உலர்த்தி வைத்திருக்கிறேன். மூடியின் இரப்பர் வளையம் மட்டும் கெட்டுப்போயிருக்கின்றது. வரும் சனிக்கிழமை ஈப்போவுக்குச் செல்லும்போது பொருந்தக்கூடிய வளையம் ஒன்று தேட வேண்டும்.