நமுனுகுலைச் சாரலில் ஒரு நாய்

பதுளையிலிருந்து நமுனுகுலைச் சாரலை நோக்கி ஏறும் தேயிலைத் தோட்டப் பாதையில், தோட்டத்தில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவருடன் காலையில் நடந்தேன். அவருடைய நாயும் உடன் வந்தது. திடீரெனப் புதரினின்றும் காட்டுப்பன்றி ஒன்று வெளிப்பட்டது. நாய் உறுமிற்று, ஆனால் பாயவில்லை. அவர் மெல்லப் பெயர் சொல்லி அழைத்தார். அது திரும்பி அவர் முகத்தை நோக்கியதும் கருவாட்டுத் துண்டொன்றைக் கொடுத்தார். பன்றி தன் வழியே சென்றது.

“முன்பிருந்த நாய் துரத்திக்கொண்டு போயிற்று, ஐயா. பன்றியின் கோரைப்பல் அதன் வயிற்றைக் கிழித்துவிட்டது” என்றார். இந்த நாயைக் கயிற்றிற் பிடித்து, தொலைவில் மேயும் மாடுகளை முதலிற் காட்டி, நாள்தோறும் சிறிது சிறிதாக நெருங்கிப் பழக்கினாராம்; ஒருநாளும் அடித்ததில்லையாம்.

நாய்களை விலங்குகள்மீது ஏவிய காலமும் மலையகத்தில் இருந்ததுண்டு. நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், மரைகளை வேட்டைநாய்களால் துரத்தியதை நூலாகவே வெளியிட்டார். ஏவுதல் எளிது, அழைத்ததும் திரும்பச் செய்வதன்றோ அரிது!