மாறினேன் என்னும் தன்வினை

சென்ற மாதம் புனேயில், மராத்தியில் வழிபாடு நடக்கும் ஒரு சிறிய திருச்சபையில் நான் ஞானஸ்நானம் பெற்றேன். செய்தி துறைக்குள் பரவியபின் என்னிடம் மிகுதியும் கேட்கப்பட்ட கேள்வி, "உன்னை யார் மாற்றினார்கள்?" என்பது. கேட்டவர்கள் என் நலம் நாடுபவர்கள்தாம். ஆயினும் மொழியியல் படித்தவளாகையால் அவ்வினைச்சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது. 'மாறு' தன்வினை, 'மாற்று' பிறவினை. பிறவினையில் கேட்டால் எழுவாயாக வேறொருவர் வந்தே ஆகவேண்டும். நான் வெறும் செயப்படுபொருளாகிவிடுகிறேன். இந்நாட்டில் மதமாற்றம் பற்றிய பேச்சு பெரும்பாலும் பிறவினையிலேயே நடக்கிறது. மதத்தைப் பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதைப் பற்றிச் சட்டம் படித்தவர்கள் வாதிடட்டும். அரசமைப்பின் 25ஆம் உறுப்பு முதலில் பெயர் சொல்லும் உரிமை மனச்சான்றின் சுதந்திரம். அது தன்வினைக்குரிய இடம். என் பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா இறந்தபின் ஏறத்தாழ ஈராண்டுகள் எனக்கு உறக்கம் இல்லை. மனநல மருத்துவரிடம் சென்றேன், மாத்திரை தந்தார், இன்றும் இரவில் அரை மாத்திரை உண்கிறேன். விசுவாசம் வந்துவிட்டால் மருந்து எதற்கு என்று மேடையில் முழங்குவோர்மீது எனக்குச் சினமே உண்டு. மருந்து உறக்கத்தைத் திருப்பித் தந்தது. உறங்கி விழித்தபின் எதற்காக விழித்தோம் என்ற கேள்விதான் எஞ்சியது. அதற்கு மருத்துவர் விடை தருவதாகச் சொல்லவுமில்லை, அவர் நேர்மையானவர்.

என் ஆய்வு மராத்தி விவிலிய மொழிபெயர்ப்புகளின் சொல்தேர்வு பற்றியது. அதன் வழியாகவே பண்டித ரமாபாயிடம் வந்து சேர்ந்தேன். 1858இல் பிறந்தவர், பெற்றோரிடமே சமஸ்கிருதம் பயின்று, பின்னர் அவர்களையும் தமக்கையையும் பஞ்சத்தின் கொடுமையில் பறிகொடுத்தவர். கல்கத்தா அறிஞர்கள் 1878இல் அவருக்குப் 'பண்டிதா' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டமளித்தார்கள். 1883இல் இங்கிலாந்தின் வான்டேஜ் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். அத்துடன் கதை முடியவில்லை என்பதுதான் என்னை ஈர்த்தது. தமக்கு ஞானத்தாயாக நின்ற கன்னியரோடு கோட்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாதிட்டார். அக்கடிதங்கள் இன்று அச்சில் கிடைக்கின்றன. புலால் உண்ண மறுத்தார். பல ஆண்டுகள் கழித்து, தமக்கு முதலில் வாய்த்தது கிறிஸ்தவ மதம், கிறிஸ்து வாய்த்தது அதன் பின்னரே என்ற பொருள்பட 1907இல் ஒரு சாட்சிநூல் எழுதினார். இப்பெண்ணை யார் மாற்றினார்கள்? எழுவாயைத் தேடிப் பாருங்கள், அவரே கிடைப்பார். கேட்காவில் ஆதரவற்ற பெண்களுக்கென அமைத்த இல்லத்துக்கு அவர் வைத்த பெயர் 'முக்தி'. பிறந்த மரபின் சொல்லைத் துறக்காமல், அதையே புதிய பொருளோடு கையில் ஏந்திக்கொண்டார். எபிரேயமும் கிரேக்கமும் கற்று முழு விவிலியத்தையும் எளிய மராத்தியில் பெயர்த்தார். 1922இல் அவர் மறைந்தபின் 1924இல் அந்நூல் வெளிவந்தது.

அவருடைய மொழிபெயர்ப்பைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிடும் வேலையில்தான் மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் துன்புற்ற பெண் ஒருத்தி. கைப்பொருளை எல்லாம் வைத்தியர்களிடம் தொலைத்தவள். கூட்டத்தில் பின்புறமாக வந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். அவ்வதிகாரத்தில் 'சோசோ' என்னும் ஒரே கிரேக்க வினை மூன்று இடங்களில் வருகிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை, மகளுக்காக மன்றாடும் தகப்பன் வாயில் 'ஆரோக்கியம்' என்றும், அப்பெண் தனக்குள் சொல்லிக்கொள்ளும்போது 'சொஸ்தம்' என்றும், இயேசு அவளிடம் பேசும்போது 'இரட்சி' என்றும் மூன்றாகப் பிரிக்கிறது. மொழிபெயர்ப்பாளர்மீது எனக்குக் குறையில்லை. தமிழில் உடலுக்கு ஒரு சொல், ஆன்மாவுக்கு ஒரு சொல். கவனிக்க வேண்டியது வேறொன்று. தொட்ட கணமே அவள் நோய் நீங்கிவிட்டது. அங்கே மூலத்தில் 'குணமாகு' என்பதற்கான தனி வினையே உண்டு. அதன் பிறகும் அவர் நின்று, தொட்டது யார் என்று கேட்டு, அவள் முழுக்கதையையும் சொல்லக் கேட்டு, 'மகளே' என்றழைத்து அந்தப் பெரிய சொல்லைச் சொல்கிறார். உடல் குணமானவளுக்கு இன்னும் ஏதோ தேவைப்பட்டிருக்கிறது. மாத்திரைக்குப் பின்னும் எனக்கு எஞ்சியிருந்தது அதுதான் என்று அன்றைக்குத் தோன்றியது.

மராத்தியில் இரட்சிப்புக்கு வழங்கும் சொல் 'தாரண்'. புனே வங்கிகளின் பலகைகளில் 'சோனே தாரண் கர்ஜ்' என்று பார்த்திருப்பீர்கள்; நகைக்கடன். கரையேற்றுதலும் ஈடு வைத்தலும் ஒரே ஒலியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சொற்பிறப்பாய்வாளர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். எனக்காக ஒருவர் ஈடாக வைக்கப்பட்டார் என்பதைச் சிலுவையின் முன் அமர்ந்தபோது நான் அச்சொல்லின் வழியாகவே விளங்கிக்கொண்டேன்.

இலக்கணம் பயிலும் தம்பி தங்கையர்க்கு ஒரு சொல். 'இரட்சிப்பை ஏற்றுக்கொண்டேன்' என்னும் தொடரில் 'கொள்' என்ற துணைவினை செயலைச் செய்தவரிடமே திருப்புகிறது, எழுவாய் நான். 'எனக்குச் சுகமாயிற்று' என்னும்போதோ நான் நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன், செய்தவர் நானல்லேன். என் அனுபவத்துக்கு இவ்விரண்டு தொடர்களும் வேண்டும். தெரிவு என்னுடையது, குணம் என்னுடைய ஆக்கமன்று. 'மாற்றினார்கள்' என்பது இவ்விரண்டிலும் இல்லை.

ஊரில் அம்மா இலக்கணத்துக்குள் போகவில்லை. "யாரக் கும்பிடுறதுன்றது உன் இஷ்டம். அப்பா திதிக்கு வருவியா, மாட்டியா?" என்று தொலைபேசியில் கேட்டார். வருவேன் என்றேன். திதி ஐப்பசியில் வருகிறது. பிண்டம் வைப்பது எப்போதும் தம்பிதான். நான் அதில் சேர இயலாது என்பதை அவனிடம் சொல்லிவிட்டேன், அவனும் சரி என்றான். அடுக்களையில் அம்மாவுக்குக் காய் நறுக்கித் தருவேன். அத்தை என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா என்பது அன்றுதான் தெரியும்.