பீச்சாங்கையும் பித்தளைக் கூடும்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு ஜவுளிக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். தீபாவளிக்கு முந்திய மாதம் தவிர மற்ற மாதங்களில் சில வார இறுதிகள் எனக்குக் கடை கிடையாது. பச்சைச் சீருடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முகாமுக்குக் கிளம்பிவிடுவேன். வாத்தானியா என்ற தொண்டூழியப் படையில் சேர்ந்து ஏறக்குறைய இருபது வருடம் ஆகிறது. கடைக்கு வரும் அம்மாக்கள் விஷயம் தெரிந்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அப்போ துப்பாக்கி வீட்டுலதான் இருக்காம்மா?"

இல்லை. துப்பாக்கி முகாமின் ஆயுத அறையில் இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் சாதாரண ஆட்கள் காசு கட்டி, சொந்த ரைஃபிளோடு போய்த் தற்காப்புச் சுடும் வகுப்பில் உட்காருகிறார்கள். நம் மலேசியாவில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் ஒற்றைத் தோட்டா பையில் இருந்தாலும் குற்றம். 1971இல் வந்த சட்டம் இன்னும் கடுமை. கொள்ளையடிக்கப் போன இடத்தில் சுட்டால் தூக்குவரை கொண்டுபோய்விடும். எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. ரைஃபிளை ஒழுங்காகக் கற்க ஆசைப்படும் என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைக்குத் திறந்திருந்த கதவு வாத்தானியா, அவ்வளவுதான்.

முதல் நாள் தோட்டாவைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்து "ஜாரி! ஜாரி!" என்ற சத்தம்தான். விரல், விரல். குறி பார்த்து முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே நீட்டியபடி கிடக்க வேண்டும். குழாயின் வாய் யார் பக்கமும் திரும்பக்கூடாது. காலி என்று நூறு பேர் சொன்னாலும் நிரப்பியிருப்பதாகவே நினைக்க வேண்டும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக்கூடாது. இந்த நாலையும் இதே வரிசையில் இல்லாவிட்டாலும் இன்றைய வடிவத்தில் பரப்பியவர் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் அமெரிக்க மரைன் படை வீரர், 1976இல் அரிசோனாவில் சுடும் பள்ளி தொடங்கியவர் என்று பிறகு படித்தேன். எங்கள் சார்ஜன் அவர் பேரைக் கேள்விப்பட்டிருப்பாரா என்று தெரியாது. அவர் சொன்ன கணக்குதான் எனக்கு மனதில் நின்றது. எம்-16இன் குண்டு இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் போகும். பிரிக்பீல்ட்ஸில் நின்று தவறவிட்டால் டத்தாரான் மெர்டேகாவையும் தாண்டிவிடும். அந்தக் குண்டின் எடை மூன்றரைக் கிராம் சொச்சம். அரைப் பவுன்கூட இல்லை. அரைப் பவுனைத் தொலைத்தால் வீடே தேடும். இது போனால் எங்கே போனதென்று யார் தேடுவது?

இரண்டாம் வாரம் 25 மீட்டரில் படுத்துச் சுட்டோம். ஆளுக்கு மூன்று, பிறகு மூன்று. மற்றவர்கள் காகிதத்தில் ஓட்டைகள் கொட்டாங்கச்சி அளவுக்குள் விழுந்திருந்தன. என் காகிதத்தில் ஒன்று மேலே, ஒன்று வலது ஓரம், ஒன்றைக் காணவே காணோம். குறி பார்க்கும் முள்ளைத் திருகிச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டேன். எம்-16இல் அந்த வேலைக்குத் தனிக் கருவி வேண்டாம். தோட்டாவின் முனையாலேயே அழுத்தித் திருப்பலாம். ஒரு கிளிக்குக்கு 25 மீட்டரில் 7 மில்லிமீட்டர் நகரும். சார்ஜன் தொடவில்லை. மூன்றும் ஒரே இடத்தில் தப்பாக விழட்டும், அப்புறம் துப்பாக்கியைத் திருத்தலாம். சிதறி விழுந்தால் திருத்த வேண்டியது ஆளை என்றார். கணக்கு எழுதுகிறவளுக்கு இது உடனே புரிந்தது. மாதாமாதம் அதே தொகை உதைத்தால் பிழை பேரேட்டில் இருக்கும். ஒவ்வொரு மாதமும் வேறு வேறு தொகை உதைத்தால் எழுதுகிறவளிடம் இருக்கும்.

என்னை நிற்க வைத்து இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே முக்கோணமாக ஓர் ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்து விளக்குக் கம்பத்தைப் பார்க்கச் சொன்னார். அப்படியே கைகளை முகத்தை நோக்கி இழுத்தேன். ஓட்டை இடது கண்ணில் வந்து நின்றது. "கிடால் கா?" என்றார். நீ இடக்கைக்காரியா?

இந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் என்னிடம் மலாயில் கேட்டதில்லை. தமிழில் கேள்வியாகவே வந்ததில்லை, அடியாகத்தான் வந்தது. "பீச்சாங்கையால சாப்பிடாத", "நொட்டாங்கையால காசு வாங்காத." பென்சிலை இடக்கையில் பிடித்தால் அம்மா பிடுங்கி வலக்கையில் திணிப்பார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரத்தில் போடும் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும், பால் ஓடுவதற்கு. நொட்டாங்கைக்காரிக்கு அந்தக் கத்தி ஒத்து வராது, கங்காணி திட்டுவார் என்று பாட்டி சொல்லி வளர்த்திருக்கிறார். உலகமே வலக்கைக்குச் செய்து வைத்திருக்கும்போது பிள்ளையைத் திருத்துவதுதானே சுலபம். என் கை திருந்திவிட்டது, கண் மட்டும் திருந்தவில்லை போலிருக்கிறது.

இரண்டு வழி இருந்தது. இடது கண்ணை மூடி வலது தோளிலேயே பழகலாம், அல்லது துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றலாம். நான் மாற்றினேன். அடுத்த மூன்று குண்டுகளும் ஒரு வெற்றிலைக்குள் விழுந்தன. ஆனால் அந்தப் பழைய எம்-16 இடக்கைக்காரர்களை நினைத்துச் செய்ததல்ல. பாதுகாப்பு விசை வலக்கைக் கட்டைவிரலுக்காக இடப்பக்கம் இருக்கிறது. வெடித்த பித்தளைக் கூடு வலப்பக்கமாகத் தெறிக்கும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு அது வெளியே போகும். எனக்கோ முகத்துக்கு நேர் எதிரே வந்து, மூக்கை உரசி, சில சமயம் கழுத்துப்பட்டைக்குள் விழும். அடுப்பிலிருந்து எடுத்த பணியாரக் கம்பி தோலில் பட்டால் எப்படி இருக்கும்? அப்படி. துள்ளத் தோன்றும். துள்ளக்கூடாது, கையில் இருப்பது நிரப்பிய துப்பாக்கி.

அந்தக் கூடுகளால் ஒரு நாள் மானம் போனது. சுட்டு முடித்தால் கூடுகளைப் பொறுக்கி எண்ண வேண்டும். கொடுத்த தோட்டா எத்தனை, திரும்பிய தோட்டா எத்தனை, கூடு எத்தனை, எல்லாம் பொருந்த வேண்டும். பிறகு ஒவ்வொருவராக நின்று என்னிடம் தோட்டாவோ கூடோ இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்று பத்துப் பேர், தலைக்கு இருபது. பொறுக்கியது 199. மழை வரும் போலிருந்தது. லாலான் புல் முழங்கால் உயரம். பத்துப் பேரும் மண்டியிட்டு, புல்லைக் கையால் விலக்கி விலக்கித் தேடினோம். லாரி காத்திருந்தது. இருட்டத் தொடங்கியதும் என் மேல் யாருக்கோ பரிதாபம் வந்து, "அக்கா, நீங்க உக்காருங்க" என்றான் ஒரு தம்பி. உட்கார்ந்தபோது முழங்கைக்கு மேலே மடித்துவிட்ட சட்டைக் கையில் ஏதோ குத்தியது. மடிப்புக்குள் கிடந்தது அந்த இருநூறாவது கூடு. சார்ஜன் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிப் பெட்டியில் போட்டார், டக்கென்று ஒரு சத்தம். நல்லவேளை, வாய்விட்டுச் சொல்லும் கட்டத்துக்கு அதுவரை போகவில்லை.

இதெல்லாம் வெளியே தெரிகிற கஷ்டம். தெரியாத ஒன்று இருந்தது. கொஞ்ச நாளில் என் குண்டுகள் எல்லாம் குறிக்குக் கீழே இறங்க ஆரம்பித்தன. மூச்சை விட்டு, நுரையீரல் காலியாகி, அடுத்த மூச்சு வருமுன் இருக்கும் சின்ன இடைவெளியில் விசையை அழுத்த வேண்டும் என்று தெரியும். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் தமிழில் எண்ணுவேன். கட்டளை மலாயில் வந்தாலும் மூச்சு தமிழில்தான் போகும். குறிமுள் அசையாமல் நின்றது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

சார்ஜன் என் தோட்டாப் பெட்டியை வாங்கி, திரும்பி நின்று, அவரே நிரப்பிக் கொடுத்தார். நடுவில் எங்கோ ஒரு டம்மித் தோட்டா, மருந்தில்லாதது. எத்தனையாவது என்று சொல்லவில்லை. ஒன்று சுட்டேன், இரண்டு சுட்டேன். மூன்றாவது விசைக்கு 'க்ளிக்' என்று மட்டும் கேட்டது. வெடிக்கவில்லை, உதைக்கவில்லை. ஆனால் குழாய் முனை கோழி கொத்துவதுபோல் கீழே ஒரு கொத்துக் கொத்தியது. உடன் பயின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வெடி உதைப்பதற்கு முன்பே நான் அதைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். நிஜத் தோட்டா வெடிக்கும்போது அந்தச் சத்தத்தில் என் திருட்டு மறைந்துபோயிருக்கிறது. துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியை அந்த ஒரு க்ளிக்கில் கற்றேன் என்பேன்.

மறுவாரம் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். அங்கே பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள் பேர்போனவை. பார்வையற்றோர் சங்கம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. என்னைப் பிடித்துவிட்டது ஒரு பெரியம்மா. தோளைத் தொட்டதும், "இடது தோளு காதுக்கு ஏறிக் கெடக்கே, எதுக்காச்சும் காத்துக்கிட்டே இருக்கியா?" என்றார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. துப்பாக்கி உதைப்பதால் வந்த வலி என்று நினைத்திருந்தேன், எம்-16 அப்படி ஒன்றும் உதைக்காது. உதைக்கப்போகிறது என்று நான் தூக்கிப் பிடித்த தோள் அது. "இறக்கு, இன்னும் இறக்கு" என்று தட்டிக்கொண்டே இருந்தார். முகாமில் காலித் துப்பாக்கியின் குழாய் மேல் 20 காசு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கும் பயிற்சியை ஆறு மாதம் செய்தேன். நாணயம் ஆடத் தொடங்கினால் அந்தப் பெரியம்மாவின் குரல் கேட்கும். சார்ஜன் குரல் கேட்காது.

வெறும் காகிதத்தைச் சுடுவதோடு வேலை முடிவதில்லை. ஓடிவந்து, மூச்சு வாங்க, மணல் மூட்டைக்குப் பின்னால் முழங்காலிட்டுச் சுட வேண்டும். தோட்டா சிக்கினால் யோசிக்காமல் தோட்டாப் பெட்டியின் அடியைத் தட்டி, பின்னால் இழுத்துவிட்டு, மறுபடி குறிக்கு வர வேண்டும். இவை கைப்பழக்கம், இருநூறு தடவை செய்தால் வந்துவிடும். பேச அதிகம் இல்லை.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் தீரவில்லை. 1943இல் நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த கோலாலம்பூர் ஜானகி தேவருக்கு அப்போது பதினெட்டு வயது. பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பனாக ம.இ.கா. என்ற மலேசிய இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும் செனட்டராகவும் இருந்தார். அவரோடு போன தோட்டத்துப் பெண்கள் பலர் பால்கத்தியை வைத்துவிட்டுப் போனவர்கள். அந்தக் காலத்து .303 ரைஃபிள் நாலு கிலோ, ஒவ்வொரு குண்டுக்கும் வலப்பக்கக் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும். இடக்கைக்காரி என்றால் கையைத் துப்பாக்கிக்கு மேலே தாண்டி எடுத்துப்போக வேண்டியிருக்கும். அவர்களில் எத்தனை பேர் நொட்டாங்கை? அவர்களுக்கு யார் முக்கோணம் பிடித்துக் காட்டியிருப்பார்கள்? வரலாற்றுப் புத்தகம் எழுதுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை.

இப்போது எங்களிடம் எம்-4 இருக்கிறது. கூடு வெளியேறும் வாய்க்குப் பின்னால் ஒரு சின்ன முட்டு. 1980களில் எம்-16இன் அடுத்த வடிவத்தில் வந்தது, இடக்கைக்காரர் முகத்தில் படாமல் கூட்டை முன்னோக்கித் தட்டிவிடுவதற்கு. முதல் தடவை அதை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவனுக்கு ஏனென்று புரியவில்லை.

போன முறை காப்பாரிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். முக்கோணம் பிடித்துப் பார்த்தோம், இடது கண். "அக்கா, கையை மாத்தணுமா?" என்றாள் முகம் சுருங்கி. வேண்டாம் என்றேன். தோளைத் தட்டி இறக்கிவிட்டேன். முட்டு இருந்தாலும் சில கூடு தப்பி வரும். "கழுத்துப் பட்டனைப் போட்டுக்க, கையை மடிக்காத" என்று சொல்லிவிட்டு அவள் இடப்பக்கம் படுத்துக்கொண்டேன்.